லாசரின் பிள்ளைகள்

மரியான், வயது இருபத்திரண்டு, விவாகமாகாதவன், உழவு, தோமையார்குளம், தகப்பன் பெயர் லாசர் என்று அந்த வரி ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எழுதப்பட்டிருந்தது. எழுதியவருக்கு அழகான கையெழுத்து. அதுதான் கொடுமை என்று ஜெசிந்தா நினைத்தாள். ஓரெழுத்தாவது மையூறிக் கலங்கியிருந்தால், ஒரு மூலையையாவது கரையான் தின்றிருந்தால், அதைப் பற்றிக்கொண்டு இன்னும் சில நாள் ஓட்டியிருக்கலாம். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் நின்று, டாக்டர்களின் கிறுக்கல்களை வாசித்து வாசித்துப் பழகிய கண் அவளுடையது. எறும்பு மையில் விழுந்து ஊர்ந்ததுபோல் எழுதிக் கொடுத்தாலும் இன்ன மாத்திரை, இத்தனை வேளை என்று சொல்லிவிடுவாள். இங்கே அந்தத் திறமைக்கு வேலையே இல்லை. ல, அதற்கொரு கால், ச, ர். லாசர். விரலை அந்தப் பெயரின்மேல் வைத்தாள், எடுத்தாள், விரலின் ஈரம் பழைய காகிதத்தில் படக்கூடாதே என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். குறுங்காவூர் வேதக்கோயிலின் பக்கத்தறை அது. மேலே மின்விசிறி மெல்லச் சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு காகம் எதையோ கொத்திக் கொத்திப் பார்த்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காம் ஆண்டின் திருமணப் பதிவேடு மேசைமேல் விரிந்து கிடந்தது. அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த வியான்னி அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டிருந்தான்.

அண்ணன். இந்தச் சொல்லை அவள் தன் வாயால் இன்னும் சொல்லவில்லை; சொன்னவள் மிக்கேலம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, நிச்சயதார்த்தப் பந்தியில், பாயசம் ஊற்றுகிற நேரத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் பூர்வீகம் விசாரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை உயர்த்தி, "தோமையார்குளத்து மரியானா? எட்டி ஜெசி, இலையை மூடாதே, நில்லு. அந்த மரியானும் எங்க பூட்டன் சூசையும் ஒரே வீட்டுல, லாசர் வீட்டுல, ஒரே சட்டியில சோறு தின்னு வளந்த பிள்ளைகள்லா!" என்றாள். சித்தப்பா சிரித்தார். "அது நூத்தம்பது வருசத்துக் கதை, மதினி." அத்தை சிரிக்கவில்லை. "மதினியா? கணக்குப் பாத்தா நான் உமக்கு அக்கா. வருசம் ஆக ஆக அண்ணன் தங்கச்சி புருசன் பொஞ்சாதி ஆயிருவாகளாக்கும்?" சூசை ஜெசிந்தாவின் தாத்தாவுக்குத் தாத்தா, மரியான் வியான்னியின் தாத்தாவுக்குத் தாத்தா, இரண்டும் ஆண்வழி. இருவரும் ஒரு தகப்பனின் மக்கள் என்றால் இரண்டு குடும்பமும் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. எத்தனை தலைமுறை கடந்தாலும் அண்ணன் அண்ணன்தான், தங்கை தங்கைதான். பங்குச் சாமியாரிடம் போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "திருச்சபைச் சட்டத்துல இதுக்குத் தடையே இல்லம்மா. ஆனா உங்க வீட்டுச் சட்டத்துக்கு விலக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லையே" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை முடிவில் வாசிக்கும்போது அத்தை மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து நின்றுவிடுவாள். தூத்துக்குடியிலிருந்து அதற்காகவே பேருந்து ஏறி வருவாள். ஆனால் ஜெசிந்தா அஞ்சியது அத்தையை அல்ல. அத்தை வாயை மூடிக்கொண்டிருந்தாலும் தனக்குள் ஒருத்தி எழுந்து நிற்பாளே, அவளை எப்படி உட்கார வைப்பது?

அவள் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டாள். நிச்சயதார்த்தத்துக்கு அடுத்த நாளே, பள்ளியின் விளையாட்டு ஆசிரியனான வியான்னி, எவனோ ஒருவன் கணுக்காலைப் பிசகிக்கொண்டான் என்று கட்டுத்துணி வாங்க வழக்கம்போல் மருந்தகச் சன்னலுக்கு வந்தபோது, அவள் அவன் காதைப் பார்த்தாள். காது மடலின் கீழ்ப்பகுதி கன்னத்தோடு ஒட்டியிருந்தது. தன் தம்பிக்கும் அப்படித்தானே? வீட்டுக்குப் போய்த் தம்பியின் காதைப் பார்த்தாள், ஒட்டியிருந்தது, தம்பி, "என்னக்கா, காதுல என்ன?" என்று தடவிக்கொண்டான். பிறகு பேருந்தில் பார்த்தாள், நடத்துநருக்கும் ஒட்டிய காது. மருந்து வாங்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒட்டிய காது. ஆனாலும் மனம் ஆறவில்லை, காதிலிருந்து காலுக்கு இறங்கியது. வியான்னியின் கால்விரல்களை அவள் பார்த்ததில்லை, அவன் எப்போதும் கான்வாஸ் ஷூ. அதற்காக மகிழ்ந்தாள். பார்த்திருந்தால், கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாம் விரலை, அப்பாவின் விரலை, அங்கே கண்டிருப்பாள். காணாவிட்டாலும் கண்டதாக நினைத்திருப்பாள். முப்பத்தெட்டு வயதில் ஒருவனை விரும்பத் தொடங்கியவளுக்கு அவன் முகத்தில் தன் வீட்டார் முகத்தைத் தேடுவது போன்ற தண்டனை வேறில்லை. "எனக்கு இந்த முறைதலை எல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று அவன் சொன்னான். "ஆனா உங்களுக்கு உண்டும்னா எனக்கும் உண்டு. நீங்க பாத்துச் சொல்லுங்க." அன்றிலிருந்து தொலைபேசியில் அவன் பேச்சில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது; சாப்பிட்டீங்களா என்பான், மழை வருமோ என்பான், வைத்துவிடுவான்.

பார்த்துச் சொல்வதற்காகத்தான் தோமையார்குளம் பங்கில் சென்ற வாரம் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினாள். சூசையின் ஞானஸ்நானம் இருந்தது: தகப்பன் லாசர், கோயில்பிள்ளை, அதாவது மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆள். மரியான் பிறந்திருக்க வேண்டிய ஆண்டுகளின் ஏடுகளைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. திருமணப் பதிவேட்டில் இருவருமே இல்லை, ஏழு ஆண்டுக்கு ஒருவருமே இல்லை, வெற்றுத் தாள்கள். தேரை முதலில் எந்தத் தெரு தோள் கொடுத்துத் தூக்குவது என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் அடித்துக்கொண்டு, கோயில் கதவுக்கு ஆளுக்கொரு பூட்டாக இரண்டு பூட்டுப் போட்டு, ஆயர் சாமியாரைத் திரும்ப அழைத்துக்கொண்ட ஆண்டுகள் அவை. கோயில் பூட்டியிருந்தால் கல்யாணம் நிற்குமா? பெண்ணும் பிள்ளையும் கூட்டமாக வயல் வரப்பில் நடந்து, வழக்கமாகத் தாங்கள் நிழலைக்கூட மிதிக்காத குறுங்காவூர் வேதக்கோயிலில், சீர்திருத்தச் சபையின் போதகரான வெள்ளைக்கார ஐயர் முன்னால் நின்று தாலி கட்டிக்கொண்டார்கள் என்று அங்கிருந்த சாமியார் சொன்னார், ஏதோ தன் காலத்தில் நடந்துவிட்ட தவறுபோலக் குரலைத் தாழ்த்தி. கோயில் திறந்ததும் எல்லாரையும் வரிசையாக முழந்தாளிட வைத்து ஆசீர் கொடுத்து முடித்துவிட்டார்களாம், மறுபடி எழுதவில்லையாம். ஆகவே மரியானின் தகப்பன் யார் என்று சொல்லக்கூடிய ஒரே தாள் உலகத்தில் இந்த மேசைமேல்தான் இருக்கிறது, சொல்லியும் விட்டது. மூடி வைத்துவிட்டு எழுந்து போகலாம். பேருந்து நிலையத்துக்கு நடக்கலாம். வியான்னிக்குத் தொலைபேசியில் என்னவென்று தொடங்குவது? மழை வருமோ என்றா?

"கிடைச்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஐயரம்மா உள்ளே வந்தார். பிரிசில்லா என்று பெயர், இங்குள்ள போதகரின் மனைவி. சேகரத்து ஐயர் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்ததால் பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்துத் தந்தவர் அவர்தான். கையில் சுக்குக் காப்பி டம்ளர், அதைப் பதிவேட்டிலிருந்து எட்டத்தில், ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஜெசிந்தா தலையை ஆட்டினாள். "ஒருத்தர் கிடைச்சிட்டார்மா." ஐயரம்மா எட்டிப் பார்த்து, "அம்மாடி, ஒரே நாளையில இத்தனை ஜோடியா! எல்லாம் உங்க ஊர் ஆளுகளா? எங்க ஐயர் அன்னைக்கு, சபை பெருகிட்டுன்னு அல்லேலூயா பாடியிருப்பாக. அடுத்த வாரம் பாத்தா பெஞ்சு பூராக் காலி!" என்றார். "கோயில் திறந்ததும் திரும்பிப் போயிட்டாங்களாம்." "தாலியைக் கட்டுனதும் கம்பி நீட்டிட்டாகன்னு சொல்லுங்க. ஆர்.சி.க்காரங்க கெட்டிக்காரங்கதான்." ஜெசிந்தாவின் முகம் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அவர் குரல் மாறியது. "என்ன, சொத்துத் தகராறா?" "இல்லம்மா." "பின்னே ஏன் முகம் இப்பிடிக் கருத்துப் போச்சு? காப்பியைக் குடிங்க. பாத்து முடிக்கிற வரைக்கும் இருங்க, ஒரு அவசரமும் இல்ல. அடுப்புல சோறு கிடக்கு, வாரேன்."

பார்த்து முடிக்கிறவரை. பார்ப்பதற்கு இனி என்ன இருக்கிறது? ஆனால் எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் பேருந்து வரும், ஏறினால் பாளையங்கோட்டை வந்துவிடும். உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் முடிந்துவிடவில்லை. மருந்தகத்தில் இருப்புச் சரிபார்க்கும் நாளில் தேவையான ஒரு மருந்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட அவளால் முடிந்ததே இல்லை. அடுக்கின் இடக்கோடியில் தொடங்கினால் வலக்கோடிவரை போனால்தான் அன்று உறக்கம் வரும். அந்தப் பழக்கம்தான் இப்போது அவள் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தியது. நம்பிக்கை எதுவும் நகர்த்தவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்தது, எல்லாம் தோமையார்குளம், எல்லாம் உழவு. பிறகு சூசை. ஆம், அவளுடைய சூசைதான், மணமகள் ஞானப்பூ என்றிருந்தது, ஞானப்பூ பெயரை வீட்டில் எல்லாரும் அறிவார்கள். சூசை, வயது இருபது, தகப்பன் பெயர் வியாகுலம். ஜெசிந்தா மறுபடியும் வாசித்தாள். வியாகுலமா? சூசை லாசரின் மகன் அல்லவா? ஞானஸ்நானப் பதிவேட்டில் தன் கண்ணால் பார்த்தாளே! கல்லறைக் கல்லில்கூட லாசர் மகன் சூசை என்று வெட்டியிருக்கிறதே! அவளுக்குக் கோபம் வந்தது, வெள்ளைக்கார ஐயர்மேல், எழுத்தர்மேல், நூற்றைம்பது ஆண்டுக்குமுன் செத்துப்போன யார் யார்மேலோ; எவனோ இரண்டு வரிகளை மாற்றி எழுதிவிட்டான், மரியானுக்கு வியாகுலமும் சூசைக்கு லாசருமாக இருக்க வேண்டியது தலைகீழாகிவிட்டது; அப்படியிருந்தால் நல்லது; ஆனால் அப்படியிருந்தது என்று யாருக்கு நிரூபிப்பது? நமக்கு வேண்டிய இடத்தில் எழுத்தர் தவறு செய்தார் என்று சொல்வது மருந்து மாறிப்போனதற்கு நோயாளியைக் குறை சொல்வதுபோல. அத்தை ஒரே ஊதில் ஊதித் தள்ளிவிடுவாள். ஜெசிந்தாவே தள்ளிவிடுவாள்.

கோபம் அவளை வேகமாகக் கீழே இழுத்துக்கொண்டு போனது. வண்டிக்காரன் சந்தியாகு, தகப்பன் லாசர். இன்னொரு லாசரா? கொத்தன் மிக்கேல், தகப்பன் லாசர். இத்தனை லாசர்களா ஒரே ஊரில்? மணமகள் அன்னம்மாள், தகப்பன் லாசர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர்களின் எதிரே கீறல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில். அன்று வெயிலில் நடந்து வந்த கைகள். பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தாள். அருளப்பன், வயது இருபத்துமூன்று, தகப்பன் லாசர், கோயில்பிள்ளை, தோமையார்குளம். மணமகள் செங்கோல், வயது பதினெட்டு, தகப்பன் லாசர், கோயில்பிள்ளை, தோமையார்குளம். அவள் விரல் நின்றது. கோயில்பிள்ளை என்று போட்ட பிறகு வேறு லாசர் என்று சொல்ல இடமில்லை. மணமகனுக்கும் லாசர்தான் தகப்பன், மணமகளுக்கும் லாசர்தான் தகப்பன். கூடப்பிறந்தவர்களா கல்யாணம் செய்துகொண்டார்கள்? வெள்ளைக்கார ஐயர் முன்னால், ஊரே பார்த்து நிற்க, மேலத்தெருவும் கீழத்தெருவும் தேருக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற ஊரில், அண்ணனும் தங்கையும் தாலி கட்டிக்கொள்ள ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லையா? அழுகைதான் வருகிறது என்று நினைத்தாள். சிரிப்பாக வெளியே வந்தது, சத்தமாக, வேதக்கோயிலின் பக்கத்தறையில், தனியாக.

சிரிப்பு அடங்குவதற்குள் தம்பியின் கல்யாணம் கண்முன் வந்து நின்றது. தோமையார்குளத்து வழக்கப்படிதான் நடத்த வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அந்த வழக்கத்தில் பெற்ற தகப்பன் கோயிலுக்குப் போவதில்லை. பந்தலில் நின்று பந்தி பார்ப்பான், விறகு போதுமா, மோர் போதுமா என்று ஓடுவான். பிள்ளையைக் கையைப் பிடித்துப் பீடத்தண்டைக்கு அழைத்துப் போகிறவன் ஞானத்தகப்பன், திருமுழுக்கின்போது பிள்ளையைக் கையில் ஏந்தியவன். தம்பியின் ஞானத்தகப்பன் ஒரு லாரி ஓட்டுநர். புதுச் சட்டையின் விலைச்சீட்டு கழுத்துக்குப் பின்னால் தொங்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அப்பா இங்கே சாம்பார் வாளியோடு நின்று மூக்கை உறிஞ்சினார். அன்றும் அப்படித்தானே? அத்தனை தகப்பன்மாரும் தோமையார்குளத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருக்க, ஞானத்தகப்பன்மார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார்கள். வேதக்கோயில் எழுத்தருக்கு இந்த வழக்கம் எங்கே தெரியும்? பிள்ளையின் கையைப் பிடித்து மேசையண்டை நிற்கிற ஆளின் பெயரைக் கேட்டு, தகப்பன் என்கிற கட்டத்தில் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். சாமியார் எப்போதாவது வந்துபோகிற ஊரில், கோயில்பிள்ளை லாசர் பாதி ஊருக்கு ஞானத்தகப்பன்.

நினைப்பது போதாது, பார்க்க வேண்டும். கைபேசியில் ஞானஸ்நானப் பதிவேட்டின் படம் இருந்தது, அவசரத்தில் படம் இரண்டு முறை ஓடிப்போய் மூன்றாம் முறை நின்றது, பெரிதாக்கினாள். சூசை. தகப்பன் லாசர். தாய் மதலேனம்மாள். இதுவரை அவள் கண் தாய் பெயரோடு திரும்பி வந்துவிட்டிருந்தது, அதற்கப்பால் அவளுக்கு வேலை இருக்கவில்லை; இப்போது அப்பால் போனாள். ஞானத்தகப்பன்: வியாகுலம். அதே பக்கத்தில் கொத்தன் மிக்கேல்: தகப்பன் தொம்மை, ஞானத்தகப்பன் லாசர். செங்கோல்: தகப்பன் பாக்கியம், ஞானத்தகப்பன் லாசர். போதும். ஆனாலும் கண்டது ஒன்றுகூடப் பிசகக்கூடாது என்று இன்னும் இரண்டு பேரின் வரிகளைப் பார்த்தாள், பொருந்தின. சூசைக்கு ஏன் வியாகுலம்? பெற்றவன் தன் பிள்ளைக்குத் தானே ஞானத்தகப்பன் ஆக முடியாது. திருச்சபை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது. ஊருக்கெல்லாம் நின்ற லாசர் சொந்த மகனுக்கு நிற்க வேறொருவரைத் தேட வேண்டியிருந்தது. அப்படியானால் மரியான்? மரியானின் கையைப் பிடித்து வந்தவர் லாசர். ஞானத்தகப்பனாக லாசர். ஆகவே பெற்ற தகப்பன் லாசர் அல்லர், ஆக முடியாது. அவள் இதை மனத்துக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள், எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்தாள். இல்லை. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சோறு தின்று வளர்ந்தது உண்மைதான், அத்தை பொய் சொல்லவில்லை. பெற்றவர்களைப் பேதியிலோ பஞ்சத்திலோ வாரிக்கொடுத்த பிள்ளையை ஞானத்தகப்பன் அல்லாமல் வேறு யார் தூக்கிக்கொண்டு வருவார்? அந்தப் பெற்றவர்களின் பெயர் கரையானின் வயிற்றில் போய்விட்டது. பாவம். அவர்களுக்காக ஓர் அருள்நிறைந்த மரியே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் அந்த நேரத்தில் அவளால் துக்கப்பட முடியவில்லை. கழுத்திலிருந்து தோள்வரை எதுவோ கட்டவிழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது, கைகள் கனத்தன, பசித்தது, இரண்டு வாரமாக இல்லாத பசி, ஐயரம்மா வடித்த கஞ்சியின் மணம் ஜன்னல் வழியே வந்து வயிற்றைப் பிசைந்தது. உடனே ஒரு முள்: ஞான உறவும் உறவுதானே, அந்தக் காலத்தில் அதற்கும் தடை இருந்ததே? இருந்தது, ஞானத்தகப்பனுக்கும் அவர் ஏந்திய பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும், அதைத் தாண்டி ஒரு தலைமுறைகூட இறங்காது என்று திருமணத் தயாரிப்பு வகுப்பில் சாமியார் சொல்லி எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். முள் தானே விழுந்துவிட்டது. ஆறிப்போன சுக்குக் காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள்.

பதிவேட்டை மூடி, பீரோவின் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று வியான்னியை அழைத்தாள். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தபோது மைதானமே காதுக்குள் வந்தது. ஓட்டம், கூச்சல், எவனோ எவனையோ நோபால் என்று வைதுகொண்டிருந்தான். "சொல்லுங்க" என்றான். பிறகு, கேட்க அஞ்சியவனைப்போல, "என்ன முறையாம்?" என்றான்.

"ஒரு முறையும் இல்ல. மரியான் லாசருக்கு ஞானப்பிள்ளை. பெத்த பிள்ளை இல்ல."

"என்னது? சத்தமா சொல்லுங்க, ஒண்ணும் கேக்கல. ஏலே, அந்தாலப் போய் விளையாடுங்கலே!"

"பெத்த பிள்ளை இல்லைன்னு சொன்னேன்!"

"யாரு பெத்த பிள்ளை?"

தொலைபேசியில் ஒருநாளும் குரலை உயர்த்தாதவள், வேதக்கோயில் வளாகத்தின் நடுவில் நின்று, வேப்பமரத்துக் காகம் பறந்தோடும்படி கத்தினாள்: "நீங்க எனக்கு யாருமே இல்ல! உங்க ஆளுகளுக்கும் எங்க ஆளுகளுக்கும் ஒரு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல! போதுமா?"

மறுமுனையில் கூச்சல் அப்படியே இருந்தது. அவன், வெகுதூரம் சுமந்து வந்ததை இறக்கி வைத்தவனைப்போல நீளமாக மூச்சு விட்டான். "அப்பாடா" என்றான். "ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கச் சொல்லிருவோமா?"

"சொல்லிருங்க. அத்தைகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அடுக்களையிலிருந்து ஐயரம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார், முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார், முகத்தில் கலவரம். "என்னம்மா, போன்ல யாரோடவோ இப்பிடி உறவையே அத்துக்கிட்டுப் பேசுதீக? சண்டையா?"

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சண்டை இல்லம்மா" என்றாள். "கல்யாணம்."